அறிந்தும் அறிவியாமை: இங்கிலாந்துத் திருச்சபையிற் சிறுவர், நலிவுற்றோர் பாதுகாப்பு – ஒரு நோக்கு

சமய நிறுவனமொன்றினுள் சிறுவர் துஷ்பிரயோகம் நிகழ்ந்தது என்ற செய்தி வெளியாகும்போது பொதுமக்களிடையே எழும் முதல் வினா, இத்தனை காலமும் இது எவருக்கும் தெரியாதிருந்தது எவ்வாறு என்பதாகும். இவ்வினா இயல்பானதே. ஆயினும், கடந்த சில தசாப்தங்களில் வெளிவந்த விசாரணை அறிக்கைகளை நுணுகி நோக்குமிடத்து, வினாவே வேறு விதமாக அமையவேண்டும் என்பது புலனாகின்றது. முக்கியமான பல சந்தர்ப்பங்களில் நிகழ்ந்தது தெரிந்தே இருந்தது. பாதிக்கப்பட்டவர் எவரிடமேனும் சொல்லியிருந்தார். கேட்டவர் இன்னொருவருக்கு எழுதியிருந்தார். எழுதிய கடிதம் ஒரு கோப்பினுள் இடப்பட்டிருந்தது. கோப்பு மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. எனவே, அறியாமையன்று, அறிந்தும் அறிவியாமையே இங்கு ஆராய்தற்குரிய பொருளாகின்றது.

இக்கட்டுரையில் இப்பொருளை இங்கிலாந்துத் திருச்சபையின் அனுபவத்தைக் கொண்டு விளக்க முற்படுகின்றோம். இத்தகைய தீமை அத்திருச்சபைக்கு மட்டும் உரியதன்று. கத்தோலிக்க திருச்சபை தொடர்பாக அயர்லாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும், பல்வகை நிறுவனங்கள் தொடர்பாக அவுஸ்திரேலியாவிலும் நடைபெற்ற விசாரணைகள் இதனை உணர்த்தும். இங்கிலாந்துத் திருச்சபையை நாம் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம், அதன் கடிதங்களும் கோப்புகளும் விசாரணையாளர் முன் வைக்கப்பட்டு, யார் எப்பொழுது எதை அறிந்திருந்தார் என்பது பகிரங்கமாக ஆராயப்பட்டமையே.

சொற்களின் எல்லை

முதலில் இரு சொற்களை வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். சிறுவர் என்போர் பதினெட்டு வயதிற்குக் குறைந்தோர். இதில் ஐயமில்லை. நலிவுற்ற வளர்ந்தோர் யாவர் என்பதே சிந்தனைக்குரியது. இங்கிலாந்துத் திருச்சபை 2016ஆம் ஆண்டில் நிறைவேற்றிய பாதுகாப்பு, குருமார் ஒழுக்காற்றுச் சட்டம் இதற்கு விரிவான பொருள் தருகின்றது. பதினெட்டு வயதை அடைந்தும், வன்முறை, துஷ்பிரயோகம், புறக்கணிப்பு, சுரண்டல் ஆகியவற்றிலிருந்து தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் ஆற்றல் பெரிதுங் குன்றியவர் நலிவுற்றவர் ஆவார். உடற் குறைபாடு, உளநோய், முதுமை என்பன மட்டுமன்றி, மனத்தளர்ச்சியும் துயரமுங்கூட இக்குறைவுக்குக் காரணமாகலாம். அக்குறைவு நிலையானதாகவோ தற்காலிகமானதாகவோ இருக்கலாம்.

இறுதியிற் கூறிய பகுதி தேவாலயத்தைப் பொறுத்தவரையில் மிக முக்கியமானது. மனிதர் தேவாலயத்தை நாடுவது பெரும்பாலும் தம் வாழ்வின் இளகிய வேளைகளிலேயே. துணையை இழந்தவர், நோயுற்றவர், குற்றவுணர்வினால் வருந்துபவர், வாழ்வின் வழி தெரியாது தவிக்கும் இளைஞர் முதலியோர் குருவானவரிடம் வருகின்றனர். வைத்தியரிடம் உடலைக் காட்டுவதுபோல இவரிடம் உள்ளத்தைத் திறக்கின்றனர். சமயப் பணியின் மேன்மை இந்நம்பிக்கையிலேயே தங்கியுள்ளது. அதன் ஆபத்தும் அந்நம்பிக்கையிலேயே தங்கியுள்ளது. இதனை விளக்குவதற்கு இரு வழக்குகளை எடுத்து நோக்குவோம்.

ஏழு கடிதங்கள்

பீற்றர் போல் என்பவர் 1977 முதல் லூயிஸ் ஆயராகவும், பின்னர் 1992இல் குளொஸ்ரர் ஆயராகவும் பணியாற்றியவர். எளிய துறவு வாழ்வினராக மதிக்கப்பட்டவர். ஓராண்டுக் காலத்தைக் கடவுளுக்கென ஒதுக்க முன்வந்த இளைஞரைத் தமது இல்லத்திலேயே தங்கவைத்துப் பயிற்றும் திட்டமொன்றையும் அவர் நடத்திவந்தார். தவம், பணிவு, தன்னொறுத்தல் என்ற பெயர்களின் கீழ் அவ்விளைஞர் சிலர் அங்கு துஷ்பிரயோகத்திற்கு ஆளாயினர். அவர்களுட் பலர் சட்டத்தின் கண்ணிற் சிறுவர் அல்லர். ஆயினும், தமக்கு வழிகாட்டும் ஆயரின் சொல்லைக் கடவுளின் சித்தமாகவே ஏற்றுக்கொண்ட நிலையில் மறுக்கும் ஆற்றல் அவர்களிடம் எவ்வளவு எஞ்சியிருந்திருக்கும் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

துறவுப் பயிற்சியிலிருந்த இளைஞர் ஒருவரின் முறைப்பாட்டினால் 1992 டிசெம்பரில் போல் கைதானார். கைதுச் செய்தி வெளியானதும், கன்ரபரிப் பேராயரின் வாசத்தலமாகிய லம்பெத் மாளிகைக்கு வேறு குடும்பங்களிடமிருந்தும் தனியாட்களிடமிருந்தும் ஏழு கடிதங்கள் வந்துசேர்ந்தன. தம் பிள்ளைகளுக்கும் தமக்கும் நேர்ந்தவற்றை அவர்கள் எழுதியிருந்தனர். அவ்வேழனுள் ஒன்று மாத்திரமே பொலிசாரிடம் கையளிக்கப்பட்டது; அதுவும் ஏனையவற்றினும் பாரதூரங் குறைந்ததாகும். 1993இல் போல் பொலிசாரின் எச்சரிக்கையுடன் விடப்பட்டார். ஆயர் பதவியைத் துறந்தாரேனும், பின்னர் மீண்டும் ஆலயங்களிற் பணியாற்ற அனுமதி பெற்றார்.

2015ஆம் ஆண்டில் அவர் நீதிமன்றில் தமது குற்றங்களை ஒப்புக்கொண்டு 32 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். எச்சரிக்கைக்கும் தண்டனைக்கும் இடையே 22 ஆண்டுகள் கழிந்திருந்தன. முதலில் முறையிட்ட அவ்விளைஞர் 2012இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டமையால் அத்தீர்ப்பைக் காணவில்லை. 2017இல் டேம் மொய்ரா கிப் தலைமையில் வெளியான மீளாய்வு, திருச்சபை போலைக் காப்பாற்றும் வகையில் நடந்துகொண்டதென்பதைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. அக்காலத்திற் பேராயராயிருந்த ஜோர்ஜ் கேரி, ஓய்வின்பின் தாம் வகித்துவந்த கௌரவ உதவி ஆயர் பணியிலிருந்து அதனையடுத்து விலகினார்.

எல்லை கடந்து சென்ற குற்றம்

இரண்டாவது வழக்கு ஜோன் சிமித் என்பவரைப் பற்றியது. இவர் குருவானவரல்லர், பெயர்பெற்ற வழக்கறிஞர். உயர்தரத் தனியார் பாடசாலை மாணவருக்கெனக் கிறிஸ்தவ முகாம்களை நடத்திய நம்பிக்கைநிதியத்தின் தலைவராக இருந்தவர். 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் பாவத்திற்குப் பரிகாரம் என்ற போர்வையில் மாணவரையும் இளைஞரையும் தமது வீட்டுத் தோட்டத்துக் கொட்டிலில் வைத்து மிகக் கொடூரமாக அடித்துவந்தார்.

1982ஆம் ஆண்டிலேயே குருவானவர் ஒருவர் இதனை விசாரித்து அறிக்கை எழுதியிருந்தார் என்பது ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. அவ்வறிக்கை ஒரு சிலரின் கைகளில் மட்டுமே உலாவியது, பொலிசாரிடம் செல்லவில்லை. 1984இல் சிமித் சிம்பாப்வேக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் சிறுவர் முகாம்களை நடத்தினார், அங்கும் அடித்தார். 1992இல் அத்தகைய முகாமொன்றில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் நீச்சற்குளத்தில் இறந்து கிடந்தான். அம்மரணந் தொடர்பாகத் தொடரப்பட்ட வழக்கு முற்றுப்பெறாது கைவிடப்பட்டது. பின்னர் சிமித் தென்னாபிரிக்காவிற் குடியேறினார். 2013இல் இங்கிலாந்துத் திருச்சபையின் உயர்நிலையில் இருந்தோருக்கு இச்செய்தி எட்டியது. எட்டியும், உறுதியான தொடர் நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை. 2017இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றே இதனை உலகறியச் செய்தது. 2018இல், எந்த நீதிமன்றிலும் குற்றவாளியாகக் காணப்படாமலே, சிமித் இறந்தார்.

2024 நவம்பரில் கீத் மேக்கின் சமர்ப்பித்த மீளாய்வு, பாதிக்கப்பட்டோர் தொகை ஏறத்தாழ 130 வரை இருக்கலாம் என மதிப்பிட்டது. அவர்களுட் பெரும்பாலோர் ஆபிரிக்கச் சிறுவர் ஆவர். 1982இல் ஓர் அறிக்கை சரியான மேசைக்குச் சென்றிருக்குமாயின் அச்சிறுவர் தப்பியிருக்கக்கூடும் என்பதை எண்ணும்போதுதான் அறிவியாமையின் விலை யாதென்பது விளங்குகின்றது. அம்மீளாய்வு வெளியான சில நாட்களில், நவம்பர் 12ஆம் திகதி, பேராயர் ஜஸ்ரின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார்.

மௌனத்தின் காரணங்கள்

மேற்கூறிய இரு வழக்குகளிலும் மௌனங் காத்தோர் யாவரும் தீயோர் எனக் கொள்வது எளிது. ஆனால் அது விளக்கமாகாது. அவர்களிற் பலர் ஏனைய விடயங்களில் நேர்மையானோர். நல்லோரையும் மௌனிகளாக்கிய காரணங்கள் எவை என்பதே வினா. மூன்று காரணங்களை நாம் இனங்காணலாம்.

முதலாவது, திருச்சபையின் அமைப்பு. இங்கிலாந்துத் திருச்சபை 42 மறைமாவட்டங்களாகப் பிரிந்துள்ளது. ஒவ்வோர் ஆயரும் தமது மறைமாவட்டத்திற் பெரிதுந் தன்னுரிமை உடையவர். அவர் தமது குருமாருக்குத் தந்தையாகவும் இருக்கின்றார். அவர்களது ஒழுக்கத்தை விசாரிக்கும் நடுவராகவும் இருக்கின்றார். தந்தையாக நின்று தேற்றவேண்டிய ஒருவர், நடுவராக நின்று தண்டிக்கவும் வேண்டுமெனின், இரண்டில் ஒன்று தளர்வது இயல்பு. வழக்கமாகத் தளர்ந்தது பின்னையதே. குருமாரின் ஆட்கோப்புகள் ஆயரின் காரியாலயத்திலேயே இருந்தன. நீலக் கோப்புகள் எனப்பட்ட அவை ஒரு மறைமாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் குருவானவருடன் முறையாகச் சென்றன எனச் சொல்வதற்கில்லை.

இரண்டாவது, மன்னிப்புப் பற்றிய தவறான விளக்கம். மனம் வருந்தியவரை மன்னித்தல் கிறிஸ்தவத்தின் மையப் போதனைகளுள் ஒன்று. ஆனால், தவறிழைத்தவரை மன்னிக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருடையது. அவரைக் கேளாமலே அவர் சார்பில் நிறுவனம் மன்னிப்பு வழங்குவது மன்னிப்பாகாது. மேலும், மன்னிப்பு வேறு, மீண்டும் அதே பொறுப்பில் அமர்த்துதல் வேறு. களவெடுத்த பொருளாளரை மன்னித்தபின் திறைசேரியின் திறப்பை மீண்டும் அவரிடமே கொடுப்பார் எவருமிலர். சிறுவர் விடயத்தில் மட்டும் அத்திறப்பு மீளவும் மீளவும் கொடுக்கப்பட்டது.

மூன்றாவது, நிறுவனத்தின் நற்பெயர். அவதூறு பரவினால் விசுவாசிகள் இடறுவர் என்ற அச்சம் உண்மையான அச்சமே. ஆயினும், ஈற்றில் விசுவாசிகளை இடறச்செய்தது குற்றத்தைவிட அதனை மறைத்த செயலே என்பதை வரலாறு காட்டிவிட்டது.

எண்கள் உணர்த்துவன

அறிவதற்கான முறை எவ்வாறு அமைகின்றதோ அவ்வாறே அறியப்படுவதும் அமையும் என்பதற்கு நல்லதோர் உதாரணம் உண்டு. 2007 முதல் 2009 வரை திருச்சபை தனது பழைய கோப்புகளைத் தானே மீளாய்வு செய்தது. 40,000க்கும் மேற்பட்ட கோப்புகள் பார்வையிடப்பட்டன. முறையான நடவடிக்கை வேண்டியவை 13 மட்டுமே என அறிவிக்கப்பட்டது. பின்னர் அம்முறை குறையுடையது எனக் காணப்பட்டு, சுயாதீன ஆய்வாளரைக் கொண்டு இரண்டாவது மீளாய்வு நடத்தப்பட்டது. 2022இல் வெளியான அதன் முடிவில் 383 புதிய விடயங்கள் இனங்காணப்பட்டன. அவற்றுள் 168 சிறுவர் தொடர்பானவை. 149 நலிவுற்ற வளர்ந்தோர் தொடர்பானவை. நலிவுற்ற வளர்ந்தோரின் பங்கு இத்துணை பெரிதாயிருத்தல், சிறுவரை மட்டும் மனத்திற்கொண்டு பாதுகாப்பைத் திட்டமிடல் போதாது என்பதற்குச் சான்றாகும்.

இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமென அரசாங்கம் அமைத்த சுயாதீன விசாரணைக்குழு 2020 ஒக்டோபரில் அங்கிலிக்கன் திருச்சபை பற்றிய தனது அறிக்கையை வெளியிட்டது. 1940கள் முதல் 2018 வரை, திருச்சபையின் குருமாராகவோ அதிற் பொறுப்பு வகித்தோராகவோ இருந்த 390 பேர் சிறுவருக்கெதிரான பாலியற் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தனர் என்பது அவ்வறிக்கை தரும் தகவல். இது நீதிமன்றங்களில் நிரூபிக்கப்பட்ட தொகை மட்டுமே. சிமித் இதில் இடம்பெறார் என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

பாதுகாப்பின் இயங்குமுறை

இனி, இன்று நடைமுறையிலுள்ள ஏற்பாடுகளை நோக்குவோம். ஒவ்வொரு பங்கின் ஆலோசனைச் சபையும் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நியமித்தல் வேண்டும். அவரது பெயரும் தொடர்புகொள்ளும் முறையும் ஆலயத்தில் யாவருங் காணும் இடத்தில் வைக்கப்படல் வேண்டும். மறைமாவட்டத்தில் இத்துறையிற் பயிற்சிபெற்ற அலுவலர் ஒருவர் இருப்பார். ஐயம் எழுந்ததும் 24 மணித்தியாலத்தினுள் அது அவருக்கு அறிவிக்கப்படல் வேண்டும். உடனடி ஆபத்து உண்டாயின் எவரையும் எதிர்பாராது நேரே பொலிசாரை அழைத்தல் வேண்டும்.

சிறுவர் ஒருவர் தமக்கு நேர்ந்ததைச் சொல்லும்போது கேட்பவர் கடைப்பிடிக்கவேண்டிய ஒழுங்கும் வகுக்கப்பட்டுள்ளது. பொறுமையுடன் கேட்டல் வேண்டும். இதனை எவருக்குஞ் சொல்லமாட்டேன் என வாக்களித்தல் ஆகாது. குறுக்குவிசாரணை செய்தலும் ஆகாது. அது பிற்காலத்திற் சாட்சியத்தைக் கெடுக்கும். சொல்லியவற்றைச் சொல்லியவரின் சொற்களிலேயே எழுதித் திகதியிட்டு ஒப்பமிடல் வேண்டும். குற்றஞ் சாட்டப்பட்டவருக்கு முன்கூட்டி அறிவித்தல் கூடாது. இவற்றின் உட்பொருள் ஒன்றே: கேட்பவர் நீதிபதியல்லர், கேட்டதை உரிய இடத்திற் சேர்க்கும் தூதர் மட்டுமே. உண்மையா பொய்யா எனத் தீர்மானிக்கும் சுமை அவர் தோளிலிருந்து இறக்கப்படுகின்றது. அறிந்தவர் மௌனமாவதற்குச் சொல்லும் நியாயங்களுள் மிகப் பெரியது இதனால் அற்றுப்போகின்றது.

சிறுவரிடையே பணியாற்றுவோரின் குற்றப்பதிவுகளைச் சரிபார்க்கும் அரச முறையும் உண்டு. இது இன்றியமையாதது, ஆயினும் போதுமானதன்று. பதிவிலுள்ளதையே அது காட்டும். சிமித்தின் பெயரிற் குற்றத்தீர்ப்பு எதுவும் பதிவாகியிருக்கவில்லை. எனவே, முன்னைய பணியிடங்களில் விசாரித்தல், வளர்ந்தோர் ஒருவர் தனியே சிறுவருடன் இருப்பதைத் தவிர்த்தல், யாவருக்கும் பயிற்சியளித்தல் ஆகியனவும் உடன்வைக்கப்பட்டுள்ளன. தண்டனை பெற்று மீண்ட ஒருவர் வழிபாட்டிற்கு வர விரும்பின், எவ்வேளையில் வருவார், எங்கே அமர்வார், எவரோடு சேரமாட்டார் என்பவற்றை வரையறுக்கும் எழுத்துமூல உடன்பாடு செய்யப்படுகின்றது. வழிபாட்டின் வாயிலை அடைக்காமலே சிறுவரைக் காக்கும் வழி இது.

இவ்வொழுங்குகளுக்குச் சட்டவலு சேர்ந்தது படிப்படியாகவே. முன்னர் இவை அறிவுரைகளாக இருந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆயர்மன்றத்தின் வழிகாட்டலுக்கு உரிய மதிப்பளித்தல் கடமை என்றது. அதிற் தவறுதலும் ஒழுக்காற்றுக் குற்றமாயிற்று. 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேற்சென்று, நடைமுறைக் கோவையின் கட்டாய விதிகளுக்கு இணங்கி நடத்தலையே கடமையாக்கியது. மதிப்பளித்தல் என்பதற்கும் இணங்கி நடத்தல் என்பதற்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடக்கத் திருச்சபைக்கு ஐந்தாண்டுகள் வேண்டியிருந்தன.

தீராத வினாக்கள்

இரு வினாக்கள் இன்னும் வாதத்திற்குரியனவாக உள்ளன. ஒன்று சுதந்திரம் பற்றியது. பாதுகாப்பு அலுவலர் திருச்சபையின் ஊழியராகவே இருந்தால், அவர் தமது முதலாளியைப் பற்றி எவ்வாறு முறையிடுவார்? 2021இல் அமைத்த சுயாதீனப் பாதுகாப்புச் சபையைத் திருச்சபை 2023இற் கலைத்துவிட்டது. 2025 பெப்ரவரியிற் கூடிய பொதுச் சினட் சபை, பாதுகாப்புப் பணி முழுவதையும் வெளி நிறுவனங்களுக்கு மாற்றும் திட்டத்தை உடனே ஏற்காது, தேசிய மட்டத்து அலுவலரை மட்டும் புறம்பான அமைப்புக்கு மாற்றும் இடைவழியைத் தெரிந்துகொண்டது. மறைமாவட்ட அலுவலர் அவ்விடத்திலேயே இருந்தால்தான் பங்குகளுடன் நெருங்கிப் பணியாற்ற இயலும் என்பது ஒரு சாராரின் வாதம். பாதிக்கப்பட்டோரிற் பலர் இதனை ஏற்கவில்லை. மேலே நாம் கண்ட வழக்குகளை நோக்குமிடத்து அவர்களது ஐயம் காரணமற்றது எனக் கூறுதல் அரிது.

மற்றையது பாவசங்கீர்த்தன இரகசியம். பாவசங்கீர்த்தனத்திற் கேட்டதை வெளியிடலாகாது என்னும் 1603ஆம் ஆண்டு விதியின் பகுதி இங்கிலாந்துத் திருச்சபையில் இன்றும் நீக்கப்படாதுள்ளது. இரகசியம் இல்லையெனின் குற்றவாளி வாய்திறவார். பாதிக்கப்பட்டவரும் வரமாட்டார் என்பர் ஒருசாரார். சிறுவனொருவன் ஆபத்திலிருப்பதை அறிந்தும் வாளாவிருத்தலை எந்த இரகசியமும் நியாயப்படுத்தாது என்பர் மறுசாரார். அவுஸ்திரேலிய மாநிலங்கள் சில இவ்விலக்கைச் சட்டத்தால் அகற்றியுள்ளன. குற்றத்தை ஒப்புக்கொள்பவரைத் தாமாகவே பொலிசாரிடம் செல்லுமாறு வற்புறுத்தி, அதுவரை பாவமன்னிப்பை நிறுத்திவைத்தல் சிலர் கூறும் நடுவழி. ஆயின், அவர் செல்லாவிடின் என் செய்வது என்ற வினாவுக்கு இந்நடுவழியிலும் விடையில்லை.

பொய்க்குற்றச்சாட்டு எழுந்து நிரபராதி ஒருவர் அழிய நேருமே என்ற அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், இதற்குரிய பரிகாரம் முறைப்பாட்டை அமுக்குதல் அன்று, பக்கச்சார்பற்ற விசாரணையே. உள்வீட்டில் மூடிவைக்கப்பட்ட முறைப்பாடு குற்றவாளியைத் தண்டிப்பதுமில்லை, நிரபராதியை விடுவிப்பதுமில்லை.

எமக்குரிய பாடம்

இவ்வரலாறு எமக்கு அந்நியமானதன்று. கொழும்பு, குருநாகல் ஆகிய இரு மறைமாவட்டங்களைக் கொண்ட இலங்கைத் திருச்சபை, கன்ரபரிப் பேராயரின் தலைமை அதிகாரத்துடன் தொடர்புற்றது. உலக அங்கிலிக்கன் ஆலோசனைச் சபை 2012இல் ஒக்லாந்திற் கூடியபோது மக்களின் பாதுகாப்புக்கான சாசனமொன்றை ஏற்றது. 2016இல், பணியாளரின் தகுதி பற்றிய தகவலை ஒரு நாட்டுத் திருச்சபை இன்னொரு நாட்டுத் திருச்சபைக்கு வெளிப்படுத்துவதற்கான ஒழுங்கையும், 2019இல் விரிவான வழிகாட்டலையும் ஏற்றது. இங்கிலாந்தில் அறியப்பட்டிருந்தது சிம்பாப்வேயில் அறியப்படாதுபோன அவலம் மீண்டும் நிகழாதிருக்க வேண்டுமாயின், இத்தகைய ஒழுங்குகள் ஏட்டளவில் நில்லாது நடைமுறைக்கு வரல் வேண்டும். இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை உண்டு; 1929 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. முறையிடுவதற்கு வாயில் இல்லை என்று கூறுவதற்கில்லை.

தேவாலயம், கோயில், பள்ளிவாசல், விகாரை, பாடசாலை, விடுதி என நம்பிக்கையின்மீது கட்டப்பட்ட எந்த நிறுவனத்தையும் ஒரே வினாவினால் அளந்தறியலாம். இங்குள்ள சிறுவன் ஒருவனோ தள்ளாத மூதாட்டி ஒருத்தியோ தமக்கு நேர்ந்த தீங்கை எவரிடமேனும் கூறினால், நிறுவனத்திற்கு வெளியே உள்ள ஒருவரின் மேசையை அச்சொல் எத்தனை நாட்களில் அடையும்? ஒரு நாள் என விடை வருமாயின் அங்கு பாதுகாப்பு உண்டு. தலைவர் நல்லவர், அவர் பார்த்துக்கொள்வார் என விடை வருமாயின், தலைவர் எத்துணை நல்லவராயினும் அங்கு பாதுகாப்பு இல்லை. லம்பெத் மாளிகையின் ஏழு கடிதங்களும் நல்லவர் எனக் கருதப்பட்டோரின் கைகளுக்கே சென்றன.